பாலத்தடியில் இறங்கியவர்கள்

சென்ற மாதம் நிசாந்தன் வீட்டுக்கு வந்திருந்தான். சாரதிப் பரீட்சை நடத்தும் பரிசோதகராக நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவன் அவன். தேநீரை வாங்கி வைத்துக்கொண்டவன், "சேர், அந்தக் கயித்த நாங்க இப்ப கட்டுறல்ல" என்றான்.

எந்தக் கயிறு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மைதானத்தில் பரீட்சை நடக்கும் நாட்களில் காலையில் வந்ததும் முதல் வேலை, இரண்டு கம்புகளை நட்டு அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டுவதுதான். பரீட்சைக்கு வந்தவர் கயிற்றுக்கு உள்ளே வரலாம். கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். என் சேவைக்காலம் முழுக்க உள்ளே நின்றவர்களைவிட வெளியே நின்றவர்கள்தான் அதிகம்.

"ஏன் கட்டுறல்ல?"

"கூட வாறதுக்கு ஆக்கள் இல்லையே சேர். பொம்பளப் புள்ளைகள் தனிய பஸ்ஸில வாறாங்க, ஓடப் பழக்கிற லேனர்ஸ்காரன்ட ஸ்கூட்டியில ஓடிக் காட்டுறாங்க, போறாங்க. பொடியன்மார் வாறதே குறைஞ்சு போச்சு. இருபத்தஞ்சு வயசு, லைசன்ஸ் இல்ல. கேட்டா, ஃபோன அமத்தினா ஓட்டோ வாசலுக்கு வருது, நான் எதுக்கு சேர் ஓடப் பழகணும் எண்டு என்னட்டக் கேக்கிறான். இன்னொருத்தன், கனடாவுக்குப் போய் அங்க எடுக்கிறன் எண்டுறான்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வயது போனவனுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் தேவையில்லை என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள்.

"உங்கட காலத்துல இந்த லைசன்சுக்கு ஏன் சேர் சனம் அப்பிடி வந்து நிண்டது? ஒருக்கா எழுதித் தாங்க, எங்கட திணைக்கள மலரில போடுவம்" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சனம் வந்து நின்றது உண்மை. ஆனால் எல்லாரும் பாஸாக வேண்டும் என்று வந்து நிற்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. இயந்திரம் படித்தேன். கொழும்பில் பயிற்சி. போக்குவரத்துச் சட்டத்தைச் சிங்களத்தில் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பாடமாக்கினேன். ஊர் திரும்பும்போது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அருளம்பலம் சேரிடம் போய்ச் சேர்ந்த முதல் நாளே அது போய்விட்டது.

அருளம்பலம் சேர் மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, ஸ்திரி போட்ட கைக்குட்டை. பரீட்சை வாகனத்தில் ஏறியதும் அந்தக் கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் இடது முழங்காலில் வைப்பார். அது அங்கிருக்கும்வரை அவருடைய வாயிலிருந்து மூன்று சொற்கள்தான் வரும். "நேரே." "கிறுகு." "நிப்பாட்டு." கிறுகு என்றால் திரும்பு என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பயத்தில் பரீட்சார்த்தி எதையாவது கதைத்தால் அது காதில் விழாதவர்போல் இருப்பார். தன்னுடைய தண்ணீரைத் தானே கொண்டு வருவார். லேனர்ஸ்காரர்கள் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினால், "பொடியனுக்குக் கொடும். அவனுக்குத்தான் நாக்கு வறண்டு கிடக்கு" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த கிழமையில் ஒரு பொடியன் பரீட்சை வாகனத்தில் ஏறியதுமே நடுங்கத் தொடங்கிவிட்டான். பின்சீட்டில் இருந்த நான் பாவம் பார்த்து, "கிளச்ச மெதுவா விடும் தம்பி" என்றேன். அருளம்பலம் சேர் பரீட்சையை அந்த இடத்திலேயே நிறுத்தினார். என்னை இறக்கி, மரநிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடாமல் கேட்டார்.

"இவன் நாளைக்குத் தனிய ஓடக்குள்ள நீர் பின்னால இருப்பீரா?"

"இல்ல சேர்."

"அப்ப இண்டைக்கும் இல்லாத மாதிரி இரும். இருக்கிற றோட்டில ஓடுறானா எண்டு மட்டும் பாரும். மற்றதெல்லாம் நமக்கு வேலையில்ல."

அவருடைய இரண்டாவது பிடிவாதம் முடிவைச் சொல்லும் விதம். மைதானத்தின் மூலையில் ஒரு வாகை மரம் நின்றது. ஓடிக் காட்டியவரைத் தனியாக அங்கே கூப்பிட்டு, பாஸா ஃபெயிலா என்று அவருக்கு மட்டும் சொல்வார். தகப்பனுக்குச் சொல்ல மாட்டார். லேனர்ஸ்காரருக்குச் சொல்ல மாட்டார். ஒருமுறை வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து பெரிய போடியார் ஒருவர், ஏக்கர் கணக்கில் வயல் உள்ளவர், கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து மகனின் முடிவைக் கேட்டார். "போடியார், ஓடினது உங்கட மகன். அவன் வருவான், அவனிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஊரில் இதைத் தலைக்கனம் என்றார்கள். அந்த நாளில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது சண்டைக் காலம். நிசாந்தனின் வயதுக்காரருக்கு இதைச் சொன்னால் நம்புவார்களோ தெரியாது: அப்போது வாகனம் ஓடத் தெரிந்த பொடியன் என்றால் வீட்டாருக்கு அடிவயிற்றில் நெருப்பு. ஒரு பக்கம் வந்து, எங்களுக்கு ஓட வா என்று ஏற்றிக்கொண்டு போகும். மறுபக்கம் வந்து, யாருக்கு ஓடினாய் என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போகும். நின்ற மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு மிதிவண்டிக்கு மாறிய வீடுகள் எனக்குத் தெரியும். உழவு மெசினை வயலுக்குள் மட்டும் ஓடவிட்டு, றோட்டில் ஏறும் இடம் வந்ததும் மகனை இறக்கிவிட்டுத் தானே ஏறிக்கொள்ளும் தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன்.

அப்படியான ஒரு நாளில்தான் தேற்றாத்தீவிலிருந்து பூமணியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் கரைவலை இழுக்கிறவர். மகன் ரவி, பதினெட்டு முடிந்து கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அவன் உள்ளே போய் வரிசையில் நின்றதும் பூமணியம்மா கயிற்றடியில் வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சேர், ஒரு சொல்லு."

"சொல்லுங்கம்மா."

"இவன ஃபெயிலாக்கி விடுங்க சேர். உங்களக் கும்பிட்டன். வேணாமெண்டு சொன்னா கேக்கிறானில்ல. லைசன்ஸ் கையில வந்திட்டா இவன எனக்கு மிச்சம் வைக்க மாட்டாங்க."

இந்த வேலைக்கு வந்து, ஃபெயிலாக்கச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு வேறு தாய்மாரும் கேட்டிருக்கிறார்கள். அருளம்பலம் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவ வெயிலில நிக்க வேணாமெண்டு சொல்லும். அங்கால நிழல் இரிக்கி" என்றார். அவ்வளவுதான்.

ரவி பரீட்சை வாகனத்தையும் மோட்டார் சைக்கிளையும் நன்றாக ஓடினான். மோட்டார் சைக்கிள் பரீட்சையில் முதலில் எட்டுப் போட வேண்டும். சுண்ணாம்பால் கீறிய எட்டின்மேல், கால் நிலத்தில் படாமல், எஞ்சின் நிற்காமல் சுற்றி வர வேண்டும். முன்சில்லைப் பார்த்து ஓடுகிறவன் விழுவான், போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஓடுகிறவன் விழமாட்டான். அவன் தலையைத் தூக்கிக்கொண்டு, வீட்டு வளவுக்குள் நடப்பவன்போல் எட்டைச் சுற்றினான்.

வாகை மரத்தடியில் அருளம்பலம் சேர் அவனிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நீ பாஸ். வீட்ட என்ன சொல்லுறது எண்டு நீதான் முடிவெடுக்கணும். நானும் சொல்லமாட்டன், இவரும் சொல்லமாட்டார்."

பொடியன் கயிற்றுக்கு அப்பால் நின்ற தாயைப் பார்த்தான். பிறகு போனான். அவன் என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பூமணியம்மாவின் முகத்திலிருந்து கவலை இறங்கியது நன்றாகத் தெரிந்தது. என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். ரவி என்ன சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. நான் குனிந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் பாலத்தடிச் சாவடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மேற்கே போனால் வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலம். அங்கால் படுவான்கரை, இங்கால் எழுவான்கரை. பாலத்தடியில் மண்மூட்டை, தார்ப்பீப்பா, சோதனைச் சாவடி. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி இறங்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். இறங்கு என்று அவர்கள் சொல்வதே இல்லை, நாங்களாகவே இறங்கிவிடுவோம். பெற்றோல் தாங்கிமேல் வைத்திருக்கும் குழந்தைகூடத் தானாகச் சறுக்கி இறங்கும். தாண்டியதும் உடனே ஏறிவிடவும் கூடாது. கொஞ்சத் தூரம் தள்ளிப் போய், முதுகில் பார்வை இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏறுவோம். நான் அரச உத்தியோகத்தன், வாகனங்களுக்கே பரிசோதகன். நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு வாவிப் பக்கம் என்பதால் நாங்கள் தப்பினோம். மைதானம் முழுக்கக் கூடாரங்கள். சுண்ணாம்பால் எட்டுக் கீறிய இடத்தில் கல்லடுப்பு வைத்துச் சனம் சோறாக்கியது. மாதக்கணக்கில் பரீட்சை இல்லை. மறுபடி தொடங்கியபோது வரிசை றோட்டு வரைக்கும் நின்றது. நிவாரண வேலைக்கு வந்த வெள்ளை வாகனங்களுக்கு ஓட ஆள் தேவைப்பட்டது. வீடு, வள்ளம், வலை எல்லாம் போன இடத்தில் லைசன்ஸ் ஒன்றுதான் உடனே சோறு போடும் என்று ஆகிவிட்டது. கயிற்றுக்கு வெளியே நின்ற தாய்மார் இப்போது மகன் பாஸாக வேண்டும் என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த நெரிசலுக்குள்தான் அருளம்பலம் சேர் ஓய்வுபெற்றார். போகும்போது எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் தந்துவிட்டுப் போனார்.

வெள்ளை வாகனங்கள் போயின. சண்டை மறுபடி வந்தது, பிறகு முடிந்தது. அது முடிந்த கதையை நான் எழுதப்போவதில்லை. எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது, அதன் பிறகு றோட்டுக்குத் தார் போட்டார்கள், கடைகளில் ஸ்கூட்டிகள் வரிசையாக வந்து நின்றன, கயிற்றுக்கு உள்ளே பெண் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரி சந்தைக்குப் போக வேண்டுமென்றால், கூட்டிக்கொண்டு போக யாராவது ஒரு ஆண் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண்களோ பாதிப்பேர் இல்லை, மிச்சப்பேர் வெளிநாட்டில்.

ஒரு நாள் பாலத்தடிச் சாவடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண்மூட்டைகளை அள்ளி, நிலத்தை மட்டப்படுத்தி, ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அதுவரை பரீட்சையின் றோட்டு ஓட்டத்தை நாங்கள் வேறு பக்கம்தான் வைத்தோம். சாவடி போனதும் பழைய வழிக்கே திரும்புவோம் என்று முடிவானது. மைதானத்திலிருந்து பாலத்தைக் கடந்து, அங்கால் சந்தியில் கிறுகி, அதே வழியால் திரும்பி வர வேண்டும். நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் போவேன்.

அந்த வழியில் நடந்த முதல் பரீட்சையில் முதல் பெயர் தர்சினி. கயிற்றடியில் நின்ற தாயை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்துவிட்டது.

"சேர், என்னத் தெரியுதா? இவன ஃபெயிலாக்குங்க எண்டு ஒருக்கா உங்களிட்டக் கெஞ்சின."

"பூமணியம்மா."

"அவன் அண்டைக்கு ஃபெயில் எண்டுதான் எனக்குச் சொன்னவன் சேர். நானும் நம்பிக்கொண்டிருந்த. கடல் வந்த அண்டைக்கு இவங்கட அப்பா வலையடியில நிண்டவர். அவர் வரல்ல. நானும் அவனும் இவளும் றோட்டுக்கு ஓடி வந்தா, கல்லு ஏத்துற லொறி ஒண்டு சாவியோட நிக்கிது, ஓடுறவனக் காணல்ல. என்ட மகன் ஏறிக் குந்திட்டான். 'டேய், உனக்கு ஓடத் தெரியாதேடா, ஃபெயில் எண்டயேடா' எண்டு நான் கத்துறன். 'ஏறுங்கம்மா' எண்டான். அம்பிட்ட சனத்தயெல்லாம் ஏத்திக்கொண்டு பாலத்துக்கு வந்தா, ஆமிக்காரன் கையக் காட்டுறான், போ போ எண்டு. அண்டைக்கு மட்டுந்தான் சேர் நாங்க அதில இறங்காமப் போன."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"மறுகா சண்டை தொடங்கக்குள்ள அவனக் கட்டாருக்கு அனுப்பிட்டன். அங்க பெரிய கொண்டெய்னர் ஓடுறான். இனி இஞ்ச நானும் இவளுந்தான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். தர்சினி மருத்துவிச்சிப் படிப்பை முடித்திருந்தாள். படுவான்கரையில் ஒரு பகுதியை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். குடிசைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம், பஸ் இல்லை. லைசன்ஸ் இருந்தால் ஸ்கூட்டி தருவார்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதி அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த பரீட்சை நாள் வருவதற்குள் வேலையை ஏற்க வேண்டிய நாள் கடந்துவிடும். அங்கேயே தங்கி வேலை செய்யட்டும் என்றால், ஒரு பிள்ளையைக் கட்டாருக்குக் கொடுத்துவிட்டு இருக்கும் தாய், மற்றப் பிள்ளையையும் வாவிக்கு அப்பால் விடமாட்டேன் என்கிறார். இன்றைக்கு ஓடிக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் இருந்து மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது. நடுவில் வேறு வழி இருக்கவில்லை.

"அண்டைக்கு ஃபெயிலாக்கச் சொன்ன. இண்டைக்கு இவளப் பாஸாக்கி விடுங்க சேர்."

"அம்மா, அங்கால நிழல் இரிக்கி. அதில போய் நில்லுங்க."

"அண்டைக்கும் இதத்தான் சொன்னீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தர்சினி எட்டைப் போட்டாள். அண்ணனைப்போல் இல்லை. நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வளைவையும் எண்ணிப் பார்த்து வைப்பவள்போல் போட்டாள். கால் நிலத்தில் படவில்லை. பிறகு றோட்டு ஓட்டம். கண்ணாடி பார்த்தாள், கை காட்டினாள், றோட்டில் ஏறினாள். நான் பின்னால் போனேன். ஒழுங்கான ஓட்டம். பாலம் தெரியத் தொடங்கியது.

அவள் வேகத்தைக் குறைத்தாள். கையைக் காட்டி இடது பக்கம் ஒதுங்கினாள். ஸ்கூட்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டியைத் தள்ளத் தொடங்கினாள்.

இவள் என்ன செய்கிறாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஏனென்றால் நானும் இறங்கிவிட்டேன்.

என் ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டை பாதி வெளியே வந்திருந்தது. அவளுக்குப் பின்னால், அதே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, நானும் தள்ளிக்கொண்டு போனேன். படுவான்கரையிலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் மெதுவாக்கியது. மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் என்னைத் தெரிந்தவன்.

"என்ன சேர், ரெண்டு பேருக்கும் ஒண்டா பெற்றோல் முடிஞ்சிட்டா?"

பஸ்ஸுக்குள் சிரிப்புச் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். மண்மூட்டை இல்லை. பீப்பா இல்லை. மட்டப்படுத்திய நிலத்தில் புல் முளைத்து, ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முன்னால் தர்சினியும் நின்றுவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று நினைக்கிறவளின் முகம்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் இறங்கி இறங்கியே வளர்ந்திருக்கிறாள். ஓடப் பழகுவதற்கு முன்னமே இறங்கப் பழகிவிட்டாள்.

ஆனால் நான் பரிசோதகன். என்ன புள்ளி போடுவது? சட்டத்தின்படி பார்த்தால், கை காட்டி, ஓரம் கட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தியிருக்கிறாள். அதில் பிழை இல்லை. அருளம்பலம் சேரின் கணக்குப்படி பார்த்தால், இருக்கிற றோட்டில் அவள் ஓடவில்லை, இல்லாத சாவடிக்கு நின்றிருக்கிறாள். அது பெரிய பிழை. நாளைக்கு நடு றோட்டில் இப்படி நின்றால் பின்னால் வருகிற லொறிக்காரன் என்ன செய்வான்? அவளை ஃபெயிலாக்கினால் என்னையும் சேர்த்துத்தான் ஃபெயிலாக்க வேண்டும் என்பதும் மனதில் ஓடாமல் இல்லை.

ஓட்டம் இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வரும்போது இதே இடத்தைக் கடக்க வேண்டும்.

"நேரே" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டு, ஏறி, பாலத்தைக் கடந்தாள். அங்கால் சந்தி வந்தது. "கிறுகு" என்றேன். அழகாகக் கிறுகினாள்.

திரும்பும் வழியில் என் வாய்க்குள் ஒரு சொல் நின்றது. இறங்காதே என்ற ஒரு சொல். பக்கத்தில் போய்ச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு தாய்க்கும் மகளுக்கும் நல்லது செய்த ஆளாக நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். சொல்லவில்லை. நாளைக்கு அவள் தனியாகப் போகும்போது நான் பின்னால் இருக்கப்போவதில்லை.

அந்த இடம் வந்தது. ஸ்கூட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகம் குறைந்தது. அவளுடைய இடது கால் மிதிதட்டிலிருந்து வெளியே வந்து, நிலத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. என் கையும் பிரேக்கில்தான் இருந்தது. கால் அப்படியே கொஞ்சத் தூரம் வந்தது. பிறகு திரும்ப மிதிதட்டுக்குள் போனது. சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் போனாள். வேகமாக இல்லை, சாதாரணமாகப் போனாள். அவளுக்குப் பின்னால் நானும் இறங்காமல் போனேன். தாண்டி முடியும்வரை என் பிடரி கூசிக்கொண்டே இருந்தது.

வாகை மரத்தடியில் அவள்தான் முதலில் கதைத்தாள்.

"சேர், நான் பாலத்தடியில இறங்கினது..."

"ஏன் இறங்கின?"

"தெரியா சேர். கை தானா நிப்பாட்டிப் போட்டுது. சின்னனில இருந்தே அதில இறங்கித்தான் பழக்கம்." கொஞ்சம் தயங்கி, "நீங்களும் இறங்கினதக் கண்டன்" என்றாள்.

"ஓம். நானும் இறங்கினதான். வரக்குள்ள ஏன் நீ இறங்கல்ல?"

அவள் யோசித்தாள். "வரக்குள்ளயும் கால் போனது சேர். மறுகா நினைச்சன், அங்கால ஒரு புள்ளத்தாச்சி வலியோட கிடந்தா, நான் இதில இறங்கித் தள்ளிக்கொண்டா போவன் எண்டு."

"நீ பாஸ்" என்றேன். வாய் பழகிய தோஷம், அருளம்பலம் சேரின் மற்ற வசனமும் வந்தது. "வீட்ட என்ன சொல்லுறது எண்டு நீதான் முடிவெடுக்கணும்."

"இதில ஒளிக்கிறதுக்கு என்ன சேர் இரிக்கி?" என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். மரத்தடியிலிருந்து இரண்டடி வைத்ததுமே, கயிற்றடி வரை போகப் பொறுக்காமல், மைதானத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மா, நான் பாஸ்" என்றாள். பூமணியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் பாலத்தடியில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

நிசாந்தனுக்கு என் பதில் இதுதான். லைசன்ஸ் வேண்டாம் என்கிற பொடியன்மார்மேல் கோபப்படாதே. நானும் கோபத்தை விட்டுவிட்டேன். ஓட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறவனை வழியில் ஒருவரும் இறக்கி நடக்கவிடுவதில்லை. அவனுக்கு எந்த வண்டியில் போனாலும் போகும் இடம்தான் பெரிது. போகவிடாமல் வளர்க்கப்பட்டவர்களுக்குத்தான் தானே ஓடுவது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. தனியாக வருகிற பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாயே, அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம். கயிற்றை எறிந்துவிட மட்டும் வேண்டாம். எனக்குத் தந்துவிடு. வளவில் மாடு கட்ட உதவும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தர்சினி வேலையை ஏற்ற பிறகு ஒரு நாள் காலையில், படுவான்கரையில் என் மனைவிக்குச் சீதனமாக வந்த வட்டைக்கு, வயல் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஸ்கூட்டி. வெள்ளை யூனிபோமில் தர்சினி, பின்னால் சாப்பாட்டுக் கூடையுடன் பூமணியம்மா. மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போகிறார் போலிருக்கிறது. பாலத்தடி வந்ததும் தாயின் கை மகளின் தோளைத் தட்டியது. ஸ்கூட்டி நின்றது. பூமணியம்மா இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து, ஓரமாக நடக்கத் தொடங்கினார். ஆடு மேய்கிற அந்த வெறும் நிலத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தர்சினி இறங்கவில்லை. ஸ்கூட்டியில் இருந்தபடியே மெதுவாக அந்த இடத்தைக் கடந்து, பாலத்தின் தொடக்கத்தில் போய் நின்றாள். நான் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

"என்ன புள்ள, அம்மாட்டச் சொல்லல்லயா?"

"எத்தின தரம் சொல்லிட்டன் சேர். அவக்கு ஏலாதாம், கால் தானா இறங்குதாம்." திரும்பித் தாயைப் பார்த்தாள். "இறங்கட்டும் சேர். நான் இறங்கமாட்டன். இதில வந்து நிப்பன். அவ நடந்து வரட்டும், ஏத்திக்கொண்டு போவன்."

பூமணியம்மா வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும் வெட்கத்தோடு சிரித்தார். கையில் எடுத்துப் பிடித்திருந்த அடையாள அட்டையைக் கூடைக்குள் வைத்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்து ஏறிக்கொண்டார்.